மூலமும் விளிம்பும்

மத்ன், ஷரஹ், ஹாஷியா என்னும் மூன்று சொற்களை அறியாமல் மத்ரஸாவில் ஓதி முடித்தவர் எவரும் இரார். மத்ன் என்பது மூலம். ஷரஹ் என்பது அதன் உரை. ஹாஷியா என்பது அவ்வுரையின் ஓரத்தே எழுதப்படும் குறிப்பு. சொற்களின் பிறப்பை ஆராய்ந்தால் முன்னோரின் எண்ணம் விளங்கும். அறபு மொழியில் மத்ன் என்றால் முதுகு. பாரம் தாங்குவது முதுகே அன்றோ? ஷரஹ் என்றால் திறந்து விரித்தல். ஹாஷியா என்றால் ஆடையின் கரை. கரையில்லாத ஆடை நூல் பிரிந்து போகும். கரையே ஆடையாகிவிடவும் முடியாது. ஒரு பக்கத்தை எவ்வாறு அமைக்க வேண்டும் என்னும் இலக்கணம் இந்த மூன்று பெயர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

நம் பகுதியில் ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதுவோர்க்கு ஃபத்ஹுல் முஈன் நன்கு பழக்கமான கிதாபு. 16-ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் வாழ்ந்த மக்தூம் ஸைனுத்தீன் அவர்கள் குர்ரத்துல் ஐன் என்னும் சிறு மூலத்தை எழுதி, அதற்குத் தாமே எழுதிக்கொண்ட உரைதான் அது. பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் மக்காவில் பாடம் நடத்திய ஸையித் பக்ரீ அத்திம்யாத்தீ அவர்கள் இவ்வுரைக்கு இஆனத்துத் தாலிபீன் என்னும் ஹாஷியாவை எழுதினார்கள். மூலம் ஒன்று, உரை ஒன்று, குறிப்பு ஒன்று. மலபார்க் கரையில் தொடங்கிய பேச்சு மக்காவில் மறுமொழி பெற்றது. முந்நூறு ஆண்டு இடைவெளி கொண்ட இருவர் ஒரே தாளில் உரையாடுகின்றனர். ஓதும் பிள்ளை அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில், 'இது மூலத்தார் சொல், இது உரைகாரர் சொல், இது குறிப்பெழுதியவர் சொல்' என்று பிரித்தறிய வேண்டும். பிரித்தறிய முடியாவிட்டால் தவறு ஓதுபவனிடம் இல்லை. பக்கத்தை அமைத்தவரிடம் உள்ளது.

இதற்காக நம் முன்னோர் வகுத்துக்கொண்ட அடையாளங்களைக் கண்டு நாம் பலகாலம் வியந்ததுண்டு. வட இந்தியக் கல்லச்சுக் கிதாபுகளைப் புரட்டியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஓரத்துக் குறிப்பு முடியும் இடத்தில் 12 என்னும் எண் நிற்கும். புதிதாக ஓத வந்த பிள்ளைகள் அதனைப் பக்க எண் என்றோ, குறிப்பின் வரிசை எண் என்றோ எண்ணிக் குழம்புவர். உண்மையில் அது 'ஹத்' என்னும் சொல். எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுக்கும் அப்ஜத் கணக்கில் ஹாவுக்கு 8, தாலுக்கு 4, கூட்டினால் 12. ஹத் என்றால் எல்லை. 'இக்குறிப்பு இங்கே முடிகிறது. இதற்கப்பால் இருப்பது வேறொருவர் பேச்சு' என்பது அதன் பொருள்.

இன்னும் உண்டு. பிறரிடமிருந்து எடுத்துக் காட்டிய பகுதி முடியுமிடத்தில் 'இன்தஹா' என்னும் சொல்லைச் சுருக்கி அலிஃபும் ஹாவுமாக இரண்டே எழுத்தில் வைப்பர். இரவல் வாங்கிய சொல் இங்கே முடிந்தது என்று அதற்குப் பொருள். நூலாசிரியரே எழுதிய ஓரக் குறிப்பாயின் 'மின்ஹு' என்று முடிப்பர். 'அவரிடமிருந்தே வந்தது' என்பது பொருள். எழுதும்போது விடுபட்டுப் போன சொல்லை ஓரத்தில் எழுத நேர்ந்தால் பக்கத்திலே 'ஸஹ்ஹ' என்று குறிப்பர். அதைக் கண்டவர் 'இது விளக்கமன்று, மூலத்தின் உறுப்பு' என்று தெளிவர். வேறொரு பிரதியில் வேறு பாடம் காணப்பட்டால் 'நுஸ்கா' என்னும் சொல்லின் ஓர் எழுத்தை அடையாளமாக இடுவர். ஒரு கருத்தில் தமக்கே ஐயம் நின்றால் 'ஃபதஅம்மல்' என்று முடிப்பர். 'சிந்தித்துப் பார்' என்று வாசகனிடமே விட்டுவிடும் பணிவு அது.

இவற்றுள் ஒன்றேனும் அழகுக்காக இடப்பட்டதா? இல்லை. யார் பேசுகிறார், எங்கே தொடங்குகிறார், எங்கே நிறுத்துகிறார் என்பதைக் காப்பதற்காகவே எல்லாம் இடப்பட்டன. ஒருவர் சொல்லை இன்னொருவர் வாயில் வைப்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம் என்று அவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சமே பக்க அமைப்பாக உருவெடுத்தது.

தமிழ்ப் புலவர்களுக்கும் இக்கவலை இருந்தது. பனையோலையில் ஓரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. புள்ளியும் பத்திப் பிரிவும் இன்றி எழுத்து ஓடிக்கொண்டே செல்லும். மூலம் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று கண்டறிவதற்கே தனிப் புலமை வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடும், 1892-இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் அச்சிட்டபோது, அவர் செய்த பெரும் பணிகளுள் ஒன்று இந்தப் பிரிப்பேயாகும். பதவுரை, பொழிப்புரை, கருத்துரை, விசேடவுரை என்று உரைக்கு இத்தனை பெயர் வைத்திருக்கும் மொழியில், உரையை மூலத்தோடு கலந்துவிடக் கூடாது என்னும் உணர்வும் ஊறியிருப்பதில் வியப்பில்லை.

இத்தனையும் சொல்ல நேர்ந்ததன் காரணம் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் வியாபாரி ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். நாணயமானவர். ஏழைகளுக்கு ஈகிறவர். கைப்பேசியை நம் முன் நீட்டி, "ஹஜ்ரத், இந்தக் கிதாபில் வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கிடையாது என்று போட்டிருக்கிறதே, கவனித்தீர்களா?" என்றார். வாங்கிப் பார்த்தோம். யாரோ சிரத்தையோடு ஃபிக்ஹுப் பாடங்களைத் தமிழாக்கித் திரையில் வெளியிட்டிருந்தார்கள். மூலத்தின் கீழே குறிப்பு ஒன்று மூன்று வரிகளில் இருந்தது. 'சரக்கு என்பது பொன்னுமன்று, வெள்ளியுமன்று. ஆதலின் அதற்கு ஜகாத் கடமையில்லை' என்னும் கருத்தில் அவ்வரிகள் ஓடி, மூன்று புள்ளிகளோடு நின்றன. புள்ளிகளை நாம் விரலால் தொட்டோம். மறைந்திருந்த பகுதி விரிந்தது. மேலே கண்டது ஆசிரியரின் முடிவு அன்று. ஒருவர் எழுப்பக்கூடிய ஆட்சேபம். 'ஃபஇன் கீல' என்று தொடங்கும் வகை. அதாவது 'இவ்வாறு ஒருவர் கேட்டால்' என்பது. அதன் மறுமொழியாகிய 'குல்னா', அதாவது 'நாம் சொல்வோம்' என்னும் பகுதி, மறைக்கப்பட்ட வரிகளில் இருந்தது. ஆண்டு நிறைவில் சரக்கை விலை மதித்து, நிஸாபை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பதே அங்கு நாட்டப்பட்ட தீர்ப்பு. தமிழாக்கியவர் 'கேட்டால்' என்னும் சொல்லை வாக்கியத்தின் இறுதியில் வைத்திருந்தார்; தமிழின் இயல்பு அதுதானே! அந்த இறுதி மறைவில் போய்விட்டது.

"எத்தனை நாளாக இதை நம்பியிருக்கிறீர்கள்?" என்று கேட்டோம்.

"மூன்று வருஷமாக ஹஜ்ரத். கடைச் சரக்குக்குக் கணக்கே பார்க்கவில்லை" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிற்று.

அவர் அன்றே கணக்கப்பிள்ளையை அழைத்து மூன்று ஆண்டுக் கணக்கையும் பார்த்து உரியவர்களுக்குச் சேர்ப்பித்துவிட்டார், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் நம் மனத்தில் அந்த மூன்று புள்ளிகள் குத்திக்கொண்டே இருந்தன. மூன்று ஆண்டுகள் சில ஏழை வீடுகளுக்குச் செல்ல வேண்டியது செல்லாமல் நின்றது. யாரும் பொய் எழுதவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. மொழிபெயர்ப்பும் சரியே. பக்கத்தை அமைத்த விதமே அந்த ஹக்கைத் தடுத்து நிறுத்தியது.

நம்மிடம் ஓதி மவ்லவிப் பட்டம் பெற்றுப் பின்னர்க் கணினிப் படிப்பும் படித்த மாணவர் ஒருவரை அழைத்து விவரத்தைச் சொன்னோம். அவர் சிறிது யோசித்து, "ஹஜ்ரத், இதற்கு ஒரே ஒரு வரி போதும். 'லைன் கிளாம்ப்' என்று ஒரு கட்டளை. மூன்று வரிக்கு மேல் காட்டாதே என்று எண்ணைக் கொடுத்துவிட்டால் எந்தக் குறிப்பாயினும் மூன்றாம் வரியில் வெட்டிவிடும். ஆயத்தமாகக் கிடைக்கும் 'தீம்'கள் சிலவற்றில் அது முன்னமே எழுதப்பட்டிருக்கும்; போடுகிறவருக்கே தெரியாது" என்றார். எங்கோ இருக்கும் ஒருவர் செய்திச் சுருக்கத்துக்கென்று எழுதிய ஒரு வரி, நம்மூர் ஏழையின் உரிமையில் வந்து கை வைக்கிறது! பக்கத்தை அமைக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை நாம் அன்றுதான் முழுதாக உணர்ந்தோம்.

அந்நாளில் நம் உஸ்தாது மர்ஹூம் அவர்களின் ஃபத்ஹுல் முஈன் பிரதி நம்மிடம் இருந்தது. நாற்பது ஆண்டுக் காலம் அவர்கள் ஓதிக்கொடுத்த பிரதி. நான்கு ஓரங்களிலும் நாணல் பேனாவால் பொடி எழுத்தில் குறிப்புகள். சில அறபில், சில அறபுத் தமிழில். காகிதம் மடியும் இடங்களில் உதிரத் தொடங்கிவிட்டது. அதனைத் திரையில் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். வியாபாரியின் வருகைக்குப் பின், 'ஏற்றுவதானால் அமைப்பை நாமே எழுதுவோம். ஆயத்தச் சட்டத்தில் அவர்களின் சொல்லைத் திணிக்க மாட்டோம்' என்று முடிவு செய்தோம். ஐம்பது வயது கடந்த பின் அந்தக் குறிமொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினோம். நஹ்வு ஓதியவனுக்கு அது அத்தனை அந்நியமாகத் தோன்றவில்லை.

திரையில் ஒரு பக்கம் இரண்டு வேறு மொழிகளால் ஆகிறது. 'எச்.டி.எம்.எல்.' என்பது ஒன்று, 'சி.எஸ்.எஸ்.' என்பது மற்றொன்று. முன்னது 'இது என்ன?' என்பதைச் சொல்லும். இது தலைப்பு, இது பத்தி, இது மேற்கோள் என்று. பின்னது 'இது எவ்வாறு தோன்ற வேண்டும்?' என்பதைச் சொல்லும். இவ்வளவு பெரிய எழுத்து, இந்த நிறம், இந்த இடம் என்று. 1996-இல் சி.எஸ்.எஸ். முறையாக வகுக்கப்பட்டதன் நோக்கமே பொருளையும் தோற்றத்தையும் பிரித்து வைப்பதுதான். இதைக் கேட்டபோது நமக்கு மஅனாவும் லஃப்ளும் நினைவுக்கு வந்தன. பொருளை முதலில் சரியாகக் குறித்துவிட்டால் தோற்றத்தை எப்போதும் மாற்றிக்கொள்ளலாம். பொருளைக் குறிக்காமல் தோற்றத்தை மட்டும் அலங்கரித்தால் பின்னர் எது மூலம், எது குறிப்பு என்று எந்திரத்துக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது.

முதல் மொழியில் ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கக் குறி ஒன்று, முடிவுக் குறி ஒன்று. முடிவுக் குறியை மறந்தால் அடுத்தவர் பேச்சும் இவர் பேச்சாகிவிடும். மாணவர் இதை விளக்கியபோது, "தம்பி, இது நம் 12 அல்லவா? இது நம் இன்தஹா அல்லவா?" என்றோம். அவரும் வியந்தார். தேடத் தேட ஒவ்வொன்றும் அகப்பட்டது. ஓரக் குறிப்புக்கு 'அசைட்' என்று ஒரு குறி. எடுத்துக்காட்டிய பகுதிக்கு 'பிளாக்கோட்' என்று ஒன்று. பின்னர்ச் சேர்த்த சொல்லுக்கு 'இன்ஸ்' என்று ஒன்று. அது 'ஸஹ்ஹ' செய்யும் வேலையைச் செய்கிறது. வரிகளுக்கிடையே சிறு எழுத்தில் பொருள் எழுதுவதற்கு 'ரூபி' என்று ஒன்று. சீன, ஜப்பானிய எழுத்துகளுக்கு உச்சரிப்பு எழுதும் வழக்கத்துக்காக ஏற்பட்டதாம். நம் மத்ரஸாப் பிள்ளைகள் அறபு வரிகளுக்கிடையே அறபுத் தமிழில் பொருள் எழுதிக்கொண்டு வந்ததும் அதே வேலைதான்.

மற்றொரு செய்தியும் நம்மைக் கவர்ந்தது. நாம் தேர்ந்துகொண்ட மென்பொருள் 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் என்பது. அதில் ஆயத்தச் சட்டம் ஒன்றை எடுத்து நேரே அதிலேயே திருத்தம் செய்தால், சட்டத்தின் புதிய பதிப்பு வந்தவுடன் நம் திருத்தங்கள் யாவும் அழிந்துபோகும். ஆகையால் மூலச் சட்டத்தைத் தொடாமல், அதன் பக்கத்தே 'சைல்ட் தீம்' என்று ஒரு கிளைச் சட்டத்தை வைத்து, எந்த இடத்தில் மாற்றம் வேண்டுமோ அதை மட்டும் அதில் எழுத வேண்டுமாம். மூலத்தில் கை வைக்காதே. சொல்ல வேண்டியதை ஓரத்தில் சொல்! இது ஹாஷியாவின் அதபு அல்லாமல் வேறென்ன?

வேலை தொடங்கிற்று. முதல் காரியமாக அந்த 'லைன் கிளாம்ப்' வரி எங்கேனும் உள்ளதா என்று தேடி நீக்கச் செய்தோம். இரண்டாவதாகச் சாம்பல் நிறம். ஆயத்தச் சட்டங்களில் குறிப்பு என்றால் சிறிய எழுத்து, மங்கிய நிறம் என்பது ஒரு பழக்கம். வயது சென்ற கண்களுக்கு அது புகைபோல் தெரியும். 2008-இல் வெளியான உலகளாவிய அணுகல் நெறிகள், சாதாரண எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்னும் ஒளிவேறுபாடு வேண்டும் என்று வகுத்துள்ளன. உஸ்தாதின் குறிப்பை மூலத்தைவிடச் சிறிய எழுத்தில் வைத்தோம். ஆனால் மங்க வைக்கவில்லை. வரிசையில் பின்னே நிற்பவரை இருட்டில் நிறுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது, திசை. அறபு வலமிருந்து இடம் செல்வது. தமிழ் இடமிருந்து வலம். 'குறிப்பை இடப்பக்கம் வை' என்று எழுதினால் அறபுப் பக்கத்தில் ஒரு பொருளும் தமிழ்ப் பக்கத்தில் வேறு பொருளும் ஆகும். ஆகவே இடம், வலம் என்னாமல் 'வரியின் தொடக்கம்', 'வரியின் முடிவு' என்று எழுதும் முறை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. அவ்வாறு எழுதினால் மொழிக்கேற்ப ஓரம் தானே இடம் மாறிக்கொள்கிறது. தமிழ் வாக்கியத்தின் நடுவே அறபுச் சொல்லும், அடுத்து அடைப்புக்குறியும் எண்ணும் வந்தால், அடைப்புக்குறி தாவி வேறிடம் சென்று நின்றுவிடும் தொல்லை ஒன்று நெடுநாள் இருந்தது. ஆயத்து எண் இடம் மாறித் தெரிந்தால் எத்தகைய குழப்பம் என்று சொல்ல வேண்டுமோ? ஒவ்வொரு மொழித் துணுக்கையும் தனியே வேலியிட்டு நிறுத்தும் குறிகள் 2013-இல் வெளியான யூனிக்கோடு 6.3-இல் சேர்க்கப்பட்டன. 'பி.டி.ஐ.' என்னும் குறியால் ஒவ்வோர் அறபுத் தொடருக்கும் வேலி கட்டினோம். அறபு எழுத்துக்கு அமீரி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொண்டோம். கெய்ரோவின் பூலாக்கில் இருந்த அமீரிய்யா அச்சகத்தின் நஸ்க் எழுத்தைப் பின்பற்றி வரையப்பட்டது அது; இலவசமாகவே கிடைக்கிறது. நாம் ஓதிய எகிப்துக் கிதாபுகளின் எழுத்து, திரையிலும் நம்மை வந்து சந்தித்தது.

கணினித் திரையில் எல்லாம் அழகாக அமைந்தது. நடுவே மூலமும் உரையும், இரு ஓரங்களில் குறிப்புகள். 'கிரிட்' என்னும் முறை 2017-இல் உலாவிகளில் பரவலாக இடம்பெற்ற பின் இவ்வாறு கட்டங்களாகப் பகுப்பது எளிதாகிவிட்டது. ஆனால் பிள்ளைகளும் பொதுமக்களும் படிப்பது கைப்பேசியில் அல்லவா? மாணவர் கையைப் பிசைந்தார். "ஹஜ்ரத், கைப்பேசியில் ஓரமே இல்லை. மூன்று பத்தியை நெருக்கினால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். குறிப்பை ஓர் எண்ணுக்குள் மறைத்து வைப்போம்; வேண்டியவர் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்.

"தொடாதவர் என்ன ஆவார்?" என்று கேட்டோம்.

அவர் மௌனமானார். அவருக்கும் அந்த வியாபாரி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் இதே பேச்சாக இருந்தது. முடிவில் ஒன்று தெளிவாயிற்று. ஓரம் என்பது ஓர் இடத்தைக் குறிக்கும் பெயர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். ஓதும்போது அது செய்யும் வேலையைப் பார்த்தால், அது ஓர் உறவைக் குறிக்கும் பெயர் என்று தோன்றிற்று. எந்த வாக்கியத்துக்கு எழுதப்பட்டதோ அந்த வாக்கியத்தின் அருகே நிற்க வேண்டும்; அதனோடு கலந்துவிடக் கூடாது; அதை மறைக்கவும் கூடாது; தானும் மறையக் கூடாது. இவை காக்கப்பட்டால் இடப்பக்கமோ, கீழ்ப்பக்கமோ பெரிதன்று. ஆகவே திரையின் அகலம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றால், ஒவ்வொரு குறிப்பும் தன் பத்தியின் அடியிலேயே, ஓரத்தில் ஒரு கோட்டோடு, எழுதியவர் பெயரோடு முழுமையாக வந்து அமரும்படி எழுதினோம். திரையின் அகலமறிந்து அமைப்பை மாற்றும் 'மீடியா குவெரி' என்னும் கட்டளை அதற்கு உதவிற்று. பக்கம் நீளுகிறதே என்றார் மாணவர். நீளட்டும் என்றோம். கல்வியைத் தேடுவோர் கொஞ்சம் கீழே செல்வதில் தவறில்லை.

ஆட்சேபமும் மறுமொழியும் வரும் இடங்களுக்குத் தனிச் சட்டம் வகுத்தோம். இரண்டும் ஒரே கட்டத்துக்குள் இருக்க வேண்டும். எந்தத் திரையிலும் பிரியக் கூடாது. 'ஒருவர் கேட்டால்' என்பது தலைப்பாக மேலே நிற்கும். 'நமது மறுமொழி' என்பது அதே எடுப்பான எழுத்தில் கீழே நிற்கும். எந்த வரியை வெட்டி எடுத்தாலும் அது கேள்வியா, தீர்ப்பா என்பது தெரிய வேண்டும்.

அடுத்து, ஓதுவோர் தம் ஐயங்களை எழுதும் இடம். சட்டத்தின் இயல்புப்படி அவை உஸ்தாதின் குறிப்பை அடுத்து, அதே எழுத்தில், அதே அளவில், புதியது மேலாக வந்து நின்றன. நேற்று எழுதிய பிள்ளையின் ஐயம், நாற்பது ஆண்டு ஓதிக்கொடுத்தவரின் சொல்லுக்கு மேலே! சிலர் இதில் என்ன குறை என்பர். பிள்ளையின் கேள்வியை நாம் இழிவாகக் கருதுபவர் அல்லோம். ஹாஷியாக்களே பிள்ளைகளின் கேள்விகளால் வளர்ந்தவைதாமே! ஆனால் கேள்வி கேள்வியாகத் தெரிய வேண்டும். ஆகவே அவற்றை அடுக்கும் கோப்பைக் கிளைச் சட்டத்தில் திருத்தி எழுதினோம். பழையது முன்னும் புதியது பின்னும் வரும். கேட்டவர் பெயரும் தேதியும் இருக்கும். 'ஐயம்' என்னும் சொல் முன்னே நிற்கும். ஆசிரியர் ஒருவர் பார்த்த பின்னரே வெளியாகும். மறுமொழி எழுதப்படாத ஐயத்தின் கீழ் 'மறுமொழி இன்னும் எழுதப்படவில்லை' என்று திரையே சொல்லும். வாசகன் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

உஸ்தாதின் குறிப்புகளைப் படியெடுக்கும்போது ஓர் இடத்தில் நம் கை நின்றது. ஒரு மஸ்அலாவின் ஓரத்தில் அவர்கள் 'ஃபதஅம்மல்' என்று மட்டும் எழுதி, கீழே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். நாம் ஓதிய காலத்தில் அந்த வெற்றிடம் எதற்கு என்று கேட்டதும், "எனக்குப் பின் வருகிறவருக்கு" என்று அவர்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. திரையில் வெற்றிடத்தை எவ்வாறு வைப்பது? மென்பொருள் வெற்று இடத்தைக் கண்டால் சுருக்கிவிடும் இயல்புடையது. அந்த ஓர் இடத்தில் மட்டும் உயரத்தைக் கட்டளையிட்டு நிறுத்தி, வெறுமையாகவே விட்டோம். பார்ப்பவர்கள் ஏதோ விடுபட்டுவிட்டது என்று சொல்லி அனுப்புகிறார்கள். விடுபடவில்லை, உங்களுக்காக விடப்பட்டது என்று மறுமொழி எழுதுகிறோம்.

'ஆலிம்கள் செய்ய வேண்டிய வேலையா இது? அதற்கென்று ஆட்கள் இல்லையா?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பழைய நாளில் கிதாபுகளைப் படியெடுத்த வர்ராக்குகளுள் கற்றறிந்தவர் பலர் இருந்தனர். பொருள் அறியாதவன் கோடு போட்டால் கோடு தவறான இடத்தில் விழும் என்று அக்காலத்தார் அறிந்திருந்தனர். இன்று கோடு போடும் கோல் கட்டளை வரியாக மாறியிருக்கிறது. கோடு விழும் இடம் மாறவில்லை. ஆலிம் குறிமொழி முழுவதையும் கற்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எந்தக் கட்டளை எதை மறைக்கிறது, எதை முன்னே நிறுத்துகிறது என்று கேட்கும் அளவுக்கேனும் அறிந்திருக்க வேண்டும். குறிமொழி கற்ற இளைஞர்களும் தாங்கள் வெறும் அலங்காரம் செய்வதாக எண்ணிவிடலாகாது. அவர்கள் இன்றைய காதிபுகள். அவர்கள் இடும் ஒரு வரியில் ஒருவரின் மார்க்கமும் இன்னொருவரின் உணவும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே மார்க்கக் கல்வியைத் திரையில் ஏற்றும் அன்பர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். ஆயத்தச் சட்டம் எவ்வளவு அழகாயினும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்த பின்னரே அதில் நூலை ஏற்றுங்கள். பேசுபவர் யார் என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறதா? அவர் பேச்சு முடியும் இடம் தெரிகிறதா? கேள்வி ஓரிடத்திலும் மறுமொழி வேறிடத்திலும் பிரிந்து கிடக்கிறதா? முதலிரண்டுக்கு 'ஆம்' என்றும், மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் விடை வரும்வரை திருத்திக்கொண்டே இருங்கள். நிறமும் அலங்காரமும் அதன் பின்னர் வரட்டும். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட சொல்லை, சொன்னவர் வைத்த இடத்திலேயே வைத்து அடுத்தவர் கையில் சேர்ப்பிக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் எல்லோர்க்கும் அருள்வானாக. ஆமீன்.